கேளாமற்போன கேள்வி

கி.பி. 189ஆம் ஆண்டு. சீனத்தின் ஹான் பேரரசு நிலைகுலைந்துகொண்டிருந்த காலம். தோங் ஜுவோ என்னும் தளபதி தலைநகராகிய லுவோயாங்கைத் தன் படைபலத்தால் கைப்பற்றி, சிறுவனாகிய அரசனைத் தன் விருப்பப்படி ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான். அவன் பிடியிலிருந்து தப்பிப் பெயரை மாற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி ஓடியவர்களுள் ஒருவன் சாவோ சாவோ. பிற்காலத்தில் வடசீனம் முழுவதையும் தன் ஆணைக்குள் கொண்டுவரப்போகிறவன், அன்று தலைக்கு விலை வைக்கப்பட்ட ஓர் அகதி. அவனுடன் சென் குங் என்னும் அதிகாரி. பிடித்துக் கொடுக்க வேண்டியவரே மனம் மாறி அவனோடு சேர்ந்து புறப்பட்டுவிட்டார்.

‘மூன்று அரசுகளின் கதை’ என்னும் புகழ்பெற்ற சீனப் புதினம் இதன்பின் நடந்ததை நான்காம் அதிகாரத்தில் சொல்கிறது. மாலையில் இருவரும் லூ போஷெ என்னும் முதியவரின் வீட்டை அடைகின்றனர். அவர் சாவோ சாவோவின் தந்தைக்கு உடன்பிறவாச் சகோதரர் போன்றவர். விருந்தினரை அன்போடு அமரச் செய்கிறார். வீட்டில் நல்ல மது இல்லை, பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று கழுதை மேல் ஏறிப் புறப்படுகிறார். நேரம் செல்கிறது. வீட்டின் பின்புறத்தில் கத்தி தீட்டும் ஓசை கேட்கிறது. இருவரும் ஓசைப்படாமல் பின்பக்கம் சென்று செவி சாய்க்கின்றனர். கட்டிப்போட்டு வெட்டிவிடலாமா என்று யாரோ யாரிடமோ கேட்பது காதில் விழுகிறது. அதற்குமேல் சாவோ சாவோ பொறுக்கவில்லை. வாளை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஆண் பெண் என்று பாராமல் எண்மரையும் வெட்டி வீழ்த்துகிறான். பிறகு அடுக்களைக்குள் நுழைந்து பார்க்கிறார்கள். அங்கே கால்கள் கட்டப்பட்ட பன்றி ஒன்று, வெட்டுவதற்காகக் கிடக்கிறது.

அடுக்களையில் பேசியவர் பொய் சொல்லவில்லை, மறைத்தும் பேசவில்லை. எதைக் கட்டுவது, எதை வெட்டுவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. பன்றி கண்முன் கிடந்தது. சீன மூலத்தில் அவர் ஆளும் அந்தச் சுட்டுச்சொல் மிகச் சிறியது. அதற்குப் பால் இல்லை, எண் இல்லை. நம் இலக்கணம் கூறும் திணையும் இல்லை. அவனை, அவளை, அவர்களை, அதை ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே எழுத்து போதும். உயர்திணை அஃறிணை எனப் பகுத்துப் பேசப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் தமிழிலும் இதே கொலை நடந்திருக்கக் கூடும். செயப்படுபொருளைச் சொல்லாமலே பேச்சை முடிக்க நம் வீட்டு அடுக்களைகளுக்கும் தெரியும். ‘அவனை’ அல்லது ‘அதை’ என்று எழுதியே தீர வேண்டிய மொழிகளில்தான் மொழிபெயர்ப்பாளர் திணறுவார். தமிழில் பெயர்ப்பவருக்கு வேறொரு கவலை உண்டு. ‘கொல்’ என்று எழுதினால் மனிதர் பக்கம் சாய்ந்துவிடும். ‘அறு’ என்றால் பன்றி உடனே வெளிப்பட்டுவிடும். ‘வெட்டு’ என்பது ஒன்றுதான் இரண்டுக்கும் இடம் கொடுத்து நடுவில் நிற்கிறது.

இளமையில் இதனை முதன்முறை வாசித்தபோது எனக்கு எரிச்சலே மிஞ்சியது. ஒரு சொல்லின் குறையை வைத்து எட்டு உயிர்களை வாங்குவது மலிவான உத்தி என்று நினைத்தேன். இந்நிகழ்ச்சி பற்றிப் பழைய வரலாற்று ஏடுகள் கூறுவதை அறிந்த பின்னர்தான் என் எண்ணம் மாறியது.

சென் ஷோ என்பவர் மூன்றாம் நூற்றாண்டில் மூன்று அரசுகளின் வரலாற்றை எழுதினார். சுருங்கச் சொல்லும் இயல்புடைய அந்நூலுக்கு பெய் சுங்ஜி என்னும் அறிஞர் 429ஆம் ஆண்டில் விரிவான உரை ஒன்றை நிறைவுசெய்து அரசனுக்கு அளித்தார். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நூல்கள் மூன்று விதமாகக் கூறினால் மூன்றையும் அப்படியே எடுத்து அடுக்கி வைப்பது அவர் வழக்கம். லூ போஷெ வீட்டுக் கொலைக்கும் அவர் மூன்று சான்றுகள் தருகிறார். முதலாவது, சாவோ சாவோவின் வழிவந்த அரசுக்குச் சார்பான நூல். லூ போஷெயின் மகனும் அங்கிருந்த கூட்டாளிகளும் சாவோ சாவோவின் குதிரைகளையும் பொருள்களையும் பறிக்க வந்தார்கள், ஆகவே தற்காப்புக்காகச் சிலரைக் கொன்றான் என்பது அதன் கூற்று. இரண்டாவது நூலின்படி, முதியவர் வெளியே போயிருந்தார். அவருடைய ஐந்து புதல்வர்கள் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. ஆயினும் சாவோ சாவோ ஐயுற்று இரவில் எண்மரை வெட்டினான். மூன்றாவது, சுன் ஷெங் என்பார் எழுதியது. இரவில் உணவுக் கலங்களின் ஓசை கேட்டது, தன்னைக் கொல்ல ஏற்பாடு நடக்கிறது என்று எண்ணிக் கொன்றுவிட்டான், பின்பு வருந்தினான் என்கிறார் அவர்.

மூன்றிலும் பேச்சே இல்லை. கட்டுவது, வெட்டுவது என்று எவரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் சான்றில் இருப்பது பாத்திரங்களின் ஓசை மட்டுமே. அந்த ஓசையை எடுத்துக்கொண்ட புதினம் அதனை முதலில் கத்தி தீட்டும் ஒலியாக்கி, அதன்பின் ஒரு மனிதக் குரலாக்கியது. அந்தக் குரலுக்கும் முழுமையான பொருளைக் கொடுக்க மறுத்தது. இது மலிவான உத்தியன்று. கலங்களின் ஓசையைக் கேட்டுக் கொலை செய்பவன் மனநோயாளி என்று ஒதுக்கிவிடலாம். மனிதப் பேச்சைக் கேட்டுக் கொல்பவனை அப்படி ஒதுக்க இயலாது. அவன் கேட்டதையே நாமும் கேட்டோம். பன்றி நம் கண்ணில் படும்வரை நாமும் அவன் கொண்ட பொருளையே கொண்டிருந்தோம்.

கதை இத்தோடு முடியவில்லை. ஊரைவிட்டு ஓடும் வழியில், சேணத்தில் மதுக்குடங்கள் தொங்க, கையில் பழமும் காய்கறியும் ஏந்தி எதிரே வருகிறார் லூ போஷெ. அதற்குள் ஏன் புறப்பட்டீர்கள், பன்றி வெட்டச் சொல்லிவிட்டு வந்தேனே என்கிறார். சாவோ சாவோ அவரைக் கடந்து போய், பின் திரும்பி வந்து, பின்னால் வருவது யார் என்று கேட்டு, அவர் முகத்தைத் திருப்பிய நேரத்தில் வெட்டி வீழ்த்துகிறான். அறிந்தே செய்த கொலையல்லவா இது என்று சென் குங் கடிகிறார். உலகோர்க்கு நான் தீங்கிழைத்தாலும் உலகோர் எனக்குத் தீங்கிழைக்க விடேன் என்னும் பொருள்பட சாவோ சாவோ விடையிறுக்கிறான். சுன் ஷெங்கின் ஏட்டில் இதே கருத்து, செய்த பிழைக்கு வருந்தியவன் வாயிலிருந்து, சிறிய அளவில், ‘பிறர்’ என்ற சொல்லோடு வருகிறது. அதனை உலகம் முழுவதற்கும் விரித்து, வருத்தத்தை நீக்கியது புதினம்.

17ஆம் நூற்றாண்டில் இப்புதினத்தைச் செப்பனிட்டு உரை வரைந்த மாவோ சோங்காங் இவ்விடத்தில் துணிவான ஒரு கருத்தை வைக்கிறார். குடும்பத்தாரைக் கொன்றது தவறுதல், அதனை மன்னிக்கலாம். முதியவரைக் கொன்றதே கொடுமையின் எல்லை என்கிறார். அதோடு நில்லாமல், படிப்போர் அனைவரும் சாவோ சாவோவைத் திட்டுகின்றனர், ஆனால் அவன் எண்ணம் இல்லாத நெஞ்சு எது, அதனை வாய்விட்டுச் சொன்னவன் அவனைத் தவிர யார் என்றும் கேட்கிறார். இரண்டாவது பகுதி நெஞ்சைச் சுடுகிறது, ஏற்றுக்கொள்கிறேன். முதற்பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. முன்னைய கொலைகளைத் தவறுதல் என்று கழித்துவிட முடியுமா? சுவரின் இப்பக்கத்தில் நின்றவனுக்கு வாளும் இருந்தது, வாயும் இருந்தது. ‘யாரை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாளுடன் உள்ளே நுழைந்து கேட்டிருந்தாலும் பாதகமில்லை. அவர்களிடம் இருந்தவை அடுக்களைக் கத்திகளே. தன் அச்சம் சொன்ன விடையை வைத்துக்கொண்டு அவன் கேள்வியைக் கைவிட்டான். இருபொருள்பட நின்ற அந்தப் பேச்சு அவனை ஏமாற்றவில்லை. அவனுக்குத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் கொடுத்தது.

பழைய சீனப் புதினங்களின் உரையாடல்களைப் பிறகு இந்த நோக்கோடு படித்துவந்தேன். பொருள் தெளிவுபடாத பேச்சு வரும் இடங்களில் எல்லாம், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியும் அதனைக் கேட்கத் துணியாத ஒருவரும் இருக்கக் கண்டேன். நம் புலவர்கள் போற்றிய சிலேடை இதனின் வேறு. காளமேகத்தின் சிலேடையில் இரண்டு பொருளும் முழுமையாகத் திறந்து நிற்கும்; கேட்போர் இரண்டையும் கண்டு மகிழ்வர். இங்கே ஒன்று மெய்யானால் மற்றது பொய். எது மெய் என்று தேர்வதில் ஒருவருடைய உயிர் அடங்கியிருக்கிறது.

அதே புதினத்தின் 72ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டுகள் பல கடந்து, சாவோ சாவோ இப்போது அரசன் என்னும் பட்டத்துடன் ஹான்ஜொங் மலைநாட்டில் போரிட்டுக்கொண்டிருக்கிறான். முன்னேற வழியில்லை, பின்வாங்கினால் நகைப்புக்கு இடமாகும். இரவு உணவு வருகிறது. கிண்ணத்தில் கோழியின் விலா எலும்பு. அந்நேரத்தில் தளபதி ஒருவன் வந்து, இன்றிரவுக் காவலுக்கு அடையாளச் சொல் யாது எனக் கேட்க, கோழி விலா என்று வாயில் வந்ததைச் சொல்கிறான். யாங் சியு என்னும் கூர்மதியாளர் இதைக் கேட்டதும் மூட்டை கட்டத் தொடங்குகிறார். தின்னப் போனால் இறைச்சி இல்லை, எறியவும் மனம் வராது. ஆகவே அரசர் திரும்பப்போகிறார் என்பது அவர் கண்ட பொருள். பாசறை முழுவதும் மூட்டை கட்டுகிறது. செய்தி அறிந்த சாவோ சாவோ, படையின் மன உறுதியைக் குலைத்தாய் என்று அவர் தலையை வெட்டி வாயிலில் தொங்கவிடச் செய்கிறான். மறுநாள் அம்பு பட்டுப் பற்களை இழந்து அவனே பின்வாங்குகிறான். அப்போது யாங் சியுவின் சொல்லை நினைத்து, உடலை நல்லடக்கம் செய்விக்கிறான்.

வரலாற்றில் இரண்டும் தனித்தனியே நிகழ்ந்தவை. கோழி விலா என்ற சொல்லும் அதனை யாங் சியு விளக்கியதும் பழைய ஏட்டில் உள்ளன. அங்கே தண்டனை எதுவும் இல்லை. படை 219ஆம் ஆண்டின் கோடையில் ஹான்ஜொங்கை விட்டுத் திரும்பியது. யாங் சியு கொல்லப்பட்டது அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில். அரசகுமாரர்களிடையே நிகழ்ந்த வாரிசுப் போட்டியில் சிக்கிக்கொண்டதே அதற்கு முதன்மையான காரணம். அவர் இறந்து நூறு நாட்களுக்குச் சற்று மேலானதும் சாவோ சாவோவும் இறந்தான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் புதினம் ஒரே இரவில் முடிச்சுப் போட்டுவிட்டது. ஏன்? அரசன் உண்மையிலேயே திரும்ப எண்ணினானா என்பதைப் புதினம் நமக்குச் சொல்வதில்லை. அவனுக்கே தெரியாதிருந்திருக்கலாம். தனக்கே தெரியாத தன் மனத்தைப் பிறனொருவன் உரத்துச் சொன்னதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. இங்கேயும், அரசே இச்சொல்லின் கருத்து என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வந்த தளபதி சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். யாங் சியு கேட்காமலே விடை சொன்னார்.

இதற்கு மாறான காட்சியொன்று 21ஆம் அதிகாரத்தில் உண்டு. சாவோ சாவோவை ஒழிக்கும் கமுக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு, ஐயம் எழாதிருக்கத் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருக்கிறான் லியு பெய். திடீரென அழைப்பு வருகிறது. வீட்டில் இருந்துகொண்டு பெரிய காரியம் செய்கிறீர் போலும் என்று சாவோ சாவோ சிரித்தபடி வரவேற்கிறான். லியு பெய்யின் முகம் வெளிறுகிறது. அடுத்த வாக்கில், தோட்ட வேலை கற்பது எளிதன்று என்கிறான் சாவோ சாவோ. போன உயிர் திரும்புகிறது. அறியாமல் சொன்னானா, ஆழம் பார்த்தானா? புதினம் வாய் திறப்பதில்லை. அன்றே மது அருந்தும்போது, இவ்வுலகில் வீரர் நீரும் நானுமே என்று சாவோ சாவோ கூறக் கேட்டு லியு பெய் கைக்கோல்களை நழுவவிடுகிறான். அக்கணம் இடி முழங்க, இடிக்கு அஞ்சினேன் என்று சமாளிக்கிறான். கோல்கள் விழுந்ததைச் சென் ஷோவே எழுதியிருக்கிறார். இடி, பெய் சுங்ஜி எடுத்துக்காட்டும் வேறொரு நூலில் வருவது. தோட்டத்தைப் பற்றிய கேலிப்பேச்சை இவற்றின் முன்னால் கொண்டுவந்து வைத்தது புதினத்தின் கை. லியு பெய் கேள்வி எதுவும் கேளாமல், விளக்கமும் கூறாமல், பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன் என்று மட்டும் சொல்லி உயிர் தப்பினான். கேளாமை சில வேளைகளில் அறிவுடைமையாகவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்புதினங்களைப் படித்தும் பதித்தும் வந்தவர்களுக்கு இவை வெறுங்கதைகளல்ல. 1661ஆம் ஆண்டு சூஜோ நகரில், கொடுமை செய்த ஓர் அதிகாரிக்கு எதிராகக் கல்விமான்கள் கன்பூசியசின் கோயிலில் கூடி அழுது முறையிட்டனர். அதற்காகத் தலைவெட்டப்பட்ட 18 பேருள் ஒருவர் ஜின் ஷெங்தான். புதினத்தைக் காவியங்களுக்கு இணையாக வைத்து உரை எழுதிய பெருமகன் அவர். இரண்டே ஆண்டுகளில், 1663இல், முந்தைய அரச மரபின் வரலாற்றைத் தகாத முறையில் எழுதியதாகக் கூறிச் சுமார் 70 பேர் கொல்லப்பட்டனர். நூலை எழுதிய குடும்பத்தார் மட்டுமல்லர்; அச்சிட்டவர்களும் வாங்கி வைத்திருந்தவர்களும் அதில் அடக்கம். தெளிவாகச் சொல்லப்பட்ட சொல்லுக்கு அந்நாட்டில் விலை இவ்வளவாக இருந்தது.

ஜின் ஷெங்தான் செய்த ஒரு விந்தையை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ‘நீர்க்கரை’ என்னும் கொள்ளை வீரர்களின் புதினத்தை அவர் 1641இல் 70 அதிகாரங்களாகச் சுருக்கி உரையுடன் வெளியிட்டார். அதில் முரட்டுத் துறவியான லூ ஜிஷென், பாழடைந்த மடமொன்றில் புகுந்து, மடத்தை ஏன் சீரழித்தீர் என்று அங்கிருந்த போலித் துறவியை அதட்டுகிறான். அமருங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள் என்று போலித் துறவி மறுமொழி கூறுவதாக முந்தைய பதிப்புகளில் முழு வாக்கியமாகவே உள்ளது. ஜின் ஷெங்தான் அதனை நடுவில் முறித்தார். ‘சொல்வதை’ என்பதற்கு முன்பே லூ ஜிஷென் கண்களை உருட்டி, சொல் சொல் என்று குறுக்கே பாய்கிறான். அறுந்த வாக்கியத்தின் மிச்சம் அதன் பிறகு போலித் துறவியின் வாயிலிருந்து வருகிறது. பிறகு தாம் முறித்த அதே இடத்திற்குத் தாமே உரை எழுதி, முடியாத வாக்கியத்தை இப்படிக் கையாண்டவர் முன் எவரும் இல்லை என்று மூல ஆசிரியரை வியந்து பாராட்டுகிறார்! தம் கையில் இருப்பது பழைய உண்மைப் பிரதி என்பது அவர் கூற்று. பதிப்பாளர் என்ற முறையில் இது மன்னிக்கத்தக்கதன்று. எழுத்தாளர் என்ற முறையில் கைகூப்பத் தோன்றுகிறது.

அவர் செய்ததன் அருமையை உணர, பழைய சீன நூல்களில் மேற்கோள் குறியோ கேள்விக்குறியோ விடுபாட்டுப் புள்ளிகளோ இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வாக்கியம் நிற்கும் இடத்தைக் காட்டச் சில பதிப்புகளில் சிறு வட்டங்கள் இடுவர்; அவ்வளவே. இன்னார் கூறினார் என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். எங்கே முடிகிறது என்பது வாசகர் பொறுப்பு. விவிலியத்தின் கிரேக்கச் சுவடிகளைப் பயின்றோர்க்கு இத்தொல்லை புதிதன்று. சிலுவையில் தொங்கிய கள்வனுக்குக் கிடைத்த மறுமொழியில் ‘இன்று’ என்னும் சொல் முன்னதைச் சாருமா பின்னதைச் சாருமா என்று வாதிட்டோர் உண்டு. ஆயினும் அங்கே ஐயம் எழுதுமுறையால் நேர்ந்தது. ஜின் ஷெங்தானோ, குறிகளே இல்லாத பக்கத்தில் அறுபட்ட பேச்சை வேண்டுமென்றே படைத்தார்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், முறிந்த பேச்சையும் மறைந்த பேச்சையும் அவரினும் ஆழமாகக் கையாண்ட பெருநூல் தோன்றியது. ‘செம்மாடக் கனவு’ என்று நாம் பெயர்க்கத்தக்க அப்புதினத்தின் ஆசிரியர் சாவோ சுயேச்சின். மேலே கண்ட கொடியவனின் குடும்பப் பெயரே இவருக்கும். இவருடைய முன்னோர் நான்ஜிங் நகரில் அரச பட்டுத் தறிகளை மேற்பார்த்த செல்வர்கள். காங்ஷி பேரரசர் தம் தென்திசைப் பயணங்களுள் நான்கின்போது இவர் பாட்டனாரின் விருந்தினராகத் தங்கினார். அடுத்த பேரரசர் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டு, 1728இன் தொடக்கத்தில் சொத்து முழுவதும் பறிமுதல் ஆயிற்று. சிறுவனாக அந்த வீழ்ச்சியைக் கண்டவர், பெய்ஜிங்கில் வறுமையில் வாழ்ந்துகொண்டு, வீழும் குடும்பம் ஒன்றின் கதையை எழுதினார்.

அதன் ஏழாம் அதிகாரத்தில், ஜியா குடும்பத்தின் பழைய ஊழியன் ஜியாவ் தா குடித்துவிட்டு, முற்றத்தில் நின்று முதலாளிகளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அவன் வசைகளுள் ஒன்று சாம்பலைக் கிளறுவது பற்றியது. அந்நாட்டு வழக்கில் அது மருமகளோடு தகாத உறவு கொண்ட மாமனாரைக் குறிக்கும். யாரை என்று அவன் பெயர் சொல்லவில்லை. மற்ற ஊழியர்கள் நடுநடுங்கி, அவனைக் கட்டிப்போட்டு வாயில் மண்ணையும் குதிரைச் சாணத்தையும் திணிக்கின்றனர். வண்டியில் அமர்ந்திருந்த சிறுவன் பாவ்யூ, கூட இருக்கும் சீஃபெங் என்பவளிடம், அக்கா, சாம்பலைக் கிளறுவது என்றால் என்ன என்று கேட்கிறான். நான் கண்டவரை, இத்தனை காட்சிகளிலும் கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்டவன் இந்தச் சிறுவன் ஒருவனே. கிடைத்த விடை யாது? உன் தாயிடம் சொல்லி அடி வாங்கித் தருகிறேன் பார் என்ற அதட்டல். குடிகாரன் வாயில் சாணம். சிறுவன் வாயில் அச்சம்.

ஆறு அதிகாரங்கள் கழித்து அக்குடும்பத்தின் இளம் மருமகள் சின் கெச்சிங் இறந்துபோகிறாள். நோய் என்கிறது கதை. ஆனால் ஐந்தாம் அதிகாரத்தில் அவள் விதியைக் குறிக்கும் ஓவியத்தில் மாடத்தில் தூக்கிட்டுத் தொங்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவனைவிட மாமனார் ஜியா ஜென் மிகுதியாகக் கதறுகிறார். அளவுக்கு மீறிய ஆடம்பரத்துடன் இறுதிச் சடங்கு நடத்துகிறார். பணிப்பெண் ஒருத்தி தூணில் தலையை மோதிச் சாகிறாள். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் ஆசிரியருக்கு நெருங்கியோர் எழுதிய குறிப்புகள் கிடைத்துள்ளன. அவற்றுள் தன்னைக் கிழவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், இப்பெண் இறக்குமுன் குடும்பத்தின் எதிர்காலத்துக்காகச் சொன்ன நல்லுரையை எண்ணி மனம் இரங்கி, மாடத்து நிகழ்ச்சியை நீக்குமாறு ஆசிரியரிடம் கூறியதாகவும், அதனால் நான்கைந்து தாள்கள் குறைந்ததாகவும் எழுதுகிறார். ஆசிரியர் கட்டளைக்குப் பணிந்தார். ஆயினும் முழுவதும் பணியவில்லை. ஓவியத்தை விட்டுவைத்தார். அவள் இறந்த செய்தி கேட்டு வீட்டார் அனைவரும் திகைத்தனர், ஓரளவு ஐயமும் கொண்டனர் என்னும் வரியையும் விட்டுவைத்தார். பின்னர் அச்சேறிய பதிப்பொன்றில் அந்த ‘ஐயம்’ ‘துயரம்’ என்று மாற்றப்பட்டுவிட்டது. ஒரே சொல்தான். ஓர் இளம்பெண்ணின் சாவு பற்றிக் கேட்க ஒரு கேள்வி உண்டு என்னும் அடையாளம் அதோடு போயிற்று. தூக்கிலிட்டுக்கொண்டவள் அந்தப் பதிப்பில் இன்னும் ஒருமுறை இறந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாவோ சுயேச்சின் 1763 அல்லது 1764இல் மறைந்தார். 80 அதிகாரங்கள் கையெழுத்தில் உலவின. 1791-92இல் செங் வெய்யுவான், காவ் ஏ ஆகிய இருவர் 120 அதிகாரங்களாக அதனை அச்சில் கொணர்ந்தனர். கடைசி 40 அதிகாரங்கள் யாருடைய கையால் ஆனவை என்ற வாதம் இன்னும் அடங்கவில்லை. அவற்றைத் தாழ்வாகப் பேசுவது அறிஞர் வழக்கம். எவர் எழுதியிருந்தாலும், 98ஆம் அதிகாரத்தை எழுதியவரை நான் குறைவாகப் பேசமாட்டேன்.

பாவ்யூவைச் சிறுவயது முதல் நேசித்தவள் லின் தாய்யூ. குடும்பத்துப் பெரியோர் சூழ்ச்சி செய்து, அவளை மணக்கப்போகிறாய் என்று அவனை நம்பவைத்து, வேறொருத்தியை மணமுடித்து வைக்கின்றனர். திருமண வேளையில், தோட்டத்தின் ஒதுக்குப்புற இல்லத்தில் தாய்யூ சாகக் கிடக்கிறாள். அருகில் இருப்போர் பணிப்பெண் ஸுஜுவானும் உறவுப்பெண்கள் இருவருமே. திடீரென அவள் பாவ்யூவின் பெயரை இருமுறை உரக்கக் கூவி, ‘நீ’ என்கிறாள். அடுத்து ‘ஹாவ்’ என்னும் சொல் வருகிறது. அதோடு குரல் நின்றுபோகிறது. ‘ஹாவ்’ என்பதற்கு நன்று என்பது பொருள். வேறொரு சொல்லுக்கு முன் நின்றால் ‘எத்துணை’ என்னும் வியப்பாகவும் மாறும். எத்துணைக் கொடியவன், எத்துணை நெஞ்சழுத்தக்காரன் என்று சபிக்க வந்தாளா? நன்றாக இரு என்று விடைகொடுக்க வந்தாளா? நல்லவன் என்று சொல்லியே முடித்துவிட்டாளா? இரண்டு நூற்றாண்டுகளாக வாசகர் ஆளுக்கொரு சொல்லை இட்டு நிரப்பி வருகின்றனர். அவர்கள் நிரப்பும் சொல் தாய்யூவைக் காட்டிலும் அவர்களையே நமக்கு அடையாளம் காட்டுகிறது.

புள்ளியிட்டுக் காட்ட வழியில்லாத பக்கம் அது. ஆகவே, ‘ஹாவ்’ என்னும் சொல்வரை சொன்னாள் என்று கதை கூறுபவரே குறுக்கிட்டு அந்த இடத்தை நமக்குச் சுட்டிக்காட்ட நேர்கிறது. 1921இல் ஷாங்காயின் யாதோங் பதிப்பகம் புதிய நிறுத்தக்குறிகளுடன் இப்புதினத்தை வெளியிட்டது. நாவல்களைக் குறியிட்டுப் பதிப்பிக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவிற்று. இன்றைய பதிப்புகளில் தாய்யூவின் கடைசிச் சொல்லுக்குப் பின் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. புள்ளி இட்டால் முடியாத பேச்சு என்று முன்கூட்டியே தீர்ப்பு வழங்கியதாகிறது. அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருக்கவும் கூடுமே என்பதற்கு அங்கே இடம் இல்லை.

அவள் கூவியது பாவ்யூவின் காதில் விழவில்லை. அவன் வேறு மாளிகையில் மணக்கோலத்தில் இருந்தான். 113ஆம் அதிகாரத்தில், அவளுடைய இறுதி நேரத்தில் உடனிருந்த ஸுஜுவானின் அறைச் சன்னலுக்கு வெளியே ஓரிரவு அவன் வந்து நிற்கிறான். சன்னல் தாளை நாவால் ஈரமாக்கிக் கிழித்து உள்ளே பார்க்கிறான். விளக்கின் அருகே அவள் வெறுமனே அமர்ந்திருக்கிறாள். உள்ளே வர இசைவு கேட்கிறான். அவள் கதவைத் திறக்கவில்லை. அதிகம் பேச வரவில்லை, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்கிறான். ஒன்றுதானே, கேளுங்கள் என்கிறாள் அவள். அவன் நெடுநேரம் அப்படியே நிற்கிறான். வாயிலிருந்து எதுவும் வரவில்லை. பின்னால் வேறொரு பணிப்பெண் அவனைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறாள்.